ஒரு துளையா, இரண்டு துளையா: கையால் நிரப்பிய ரவைகளின் கதை

வெடித்து முடிந்த ஒரு ரவைக் கோதின் வாய்ப்பக்கமாக உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு விஷயம் தெரியும். சரியாக நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் அது பொக்ஸர் முறை. நடுவில் ஒரு சின்ன மேடும் அதன் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாக இரண்டு துளைகளும் இருந்தால் அது பேர்டன் முறை. கண்டதைத் தொடாதே எண்டு பள்ளிக்கூடத்திலயே படிச்ச தலைமுறை நாங்கள், அதனால படத்தில பாருங்கோ, போதும்.

இந்த ஒரு துளைக்கும் இரண்டு துளைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் இருந்துதான் ஒரு முழுப் பொழுதுபோக்கே பிறந்தது. அமெரிக்காவில் வீட்டின் பின்னறையில், கராஜில், சில பேர் குசினி மேசையிலும் இருந்து, சுட்டு முடிந்த கோதுகளை எடுத்து திரும்ப நிரப்புகிறார்கள். காசு மிச்சம் பிடிக்கிறது ஒரு காரணம். ஆனால் பலருக்கு அதைவிடப் பெரிய காரணம் துல்லியம். கடையில் வாங்கும் ரவையை விடத் தன் கையால் செய்த ரவை தன் கைத்துப்பாக்கியில் இறுக்கமாக ஒரே இடத்தில் விழ வேண்டும் என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. சொற்களை முதலிலேயே பிரிச்சு வைப்பம்: ரவை என்றால் முழுப் பொருள். கோது அதன் பித்தளை உடம்பு. சன்னம் பறந்து போகிற ஈயம். மருந்து உள்ளே எரிவது. பிரைமர் என்பது அடியில் பதித்திருக்கும் சின்னக் கிண்ணம், ஊசி தட்டினால் தீப்பொறி தருவது.

ஒரு காலத்தில் துவக்கு வைத்திருந்த எல்லாருமே கையால் நிரப்புகிறவர்கள்தான். எங்கட ஊர்களில் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் வைத்திருந்த இடியன் துவக்கை நினைச்சுப் பாருங்கோ. குழாயின் வாயால் மருந்தைப் போட்டு, தும்பை அடைத்து, இரும்புக் கோலால் இடித்து, அதற்குப் பிறகுதான் வெடி. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெட்டியோடு விற்ற இரட்டைக் கைத்துப்பாக்கிகளுக்குள் மருந்துக் குடுவையும் சன்னம் வார்க்கும் அச்சும் கூடவே இருக்கும். சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கிகளோடும் அந்த அச்சு வந்தது. அச்சு துவக்கோடு சேர்ந்து வந்ததற்கு நியாயம் இருந்தது: ஒவ்வொரு குழாயின் விட்டமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. உன்ர துவக்குக்கு உன்ர அச்சு. துல்லியம் என்பது அந்த ஒரு துவக்குக்கும் அந்த ஒரு ஆளுக்கும் இடையிலான சொந்த விஷயமாக இருந்தது.

உலோகக் கோது வந்ததும் அந்தச் சொந்தம் அறுந்தது. ஸ்மித் அன்ட் வெசன் 1857இல் வெளியிட்ட முதல் சுழல் துப்பாக்கி .22 ரவையைச் சுட்டது. மருந்து, சன்னம், பற்றவைக்கும் கலவை எல்லாம் ஒரே பொதி. ஆனால் அந்தக் கலவை கோதின் விளிம்புக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஊசி விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கிய விளிம்பைத் திரும்ப நிமிர்த்த ஏலாது. சுட்டால் எறிய வேண்டியதுதான். சுடுபவர் வெறும் வாடிக்கையாளர் ஆனார்.

பிறகு வந்தது நடுவில் தட்டும் முறை. 1866இல் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு தீர்வு கண்டார்கள். அமெரிக்கரான ஹைரம் பேர்டன், தட்டுப்படும் மேட்டைக் கோதின் பாகமாகவே வைத்தார். இங்கிலாந்தின் வுலிச் ஆயுதசாலையில் இருந்த எட்வர்ட் பொக்ஸர் அந்த மேட்டைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். இதில் வரலாறு செய்த வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பா பெருமளவில் எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பேர்டன் கோது செய்ய மலிவு, ராணுவங்களுக்கு அது போதும். பொக்ஸர் கோதிலோ நடுவில் ஒரு துளை இருப்பதால், வாய் வழியாக ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்று விழும். புதியதை அழுத்தினால் கோது திரும்பவும் தயார். யாரும் இப்படி ஒரு பொழுதுபோக்கை உருவாக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை. தொழிற்சாலை வசதிக்காக எடுத்த முடிவு ஒன்று இப்படி ஒரு பக்கவிளைவைத் தந்தது. ஐரோப்பாவில் கைநிரப்பல் இல்லாமல் இல்லை, ஆனால் அமெரிக்காவில் போல அது பரவாததற்கு இந்த இரண்டு துளையும் ஒரு காரணம்.

1870, 80களில் அமெரிக்க ராணுவத்தின் எல்லைப்புறக் கோட்டைகளிலேயே பயிற்சி ரவைகளைப் படையினர் திரும்ப நிரப்பினார்கள். செலவைக் குறைக்கத்தான். 1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜோன் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ஒரு கம்பனி தொடங்கினார். அவர் விற்றது பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடி உள்ள ஒரு கருவி. பிரைமரைக் கழற்ற, புதியதை அழுத்த, கோதின் வாயை இறுக்க எல்லாம் அதிலேயே செய்யலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதிரையில் போகலாம். அதோடு அவர் கைநூல்களும் அச்சிட்டு வெளியிட்டார். கருவியை விட அந்தக் கைநூல்கள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். ஏனென்றால் அதுவரை தகப்பனிடம் இருந்து மகனுக்கு வாயால் போன அறிவு, முதல் தடவையாக அட்டவணையாக மாறியது. ஐடியல் பிறகு கை மாறி மாறி 1925இல் லைமன் கம்பனியிடம் போனது. லைமன் இன்றைக்கும் கைநூல் போடுகிறது.

அட்டவணை ஏன் தேவைப்பட்டது? கறுப்பு மருந்துக் காலத்தில் அவ்வளவு தேவைப்படவில்லை. கோது நிறையப் போடு, சன்னத்தை வை, முடிஞ்சுது. 1884இல் பிரான்சில் போல் வியே புகையற்ற மருந்தைச் செய்ததும் அந்தச் சுலபம் போய்விட்டது. புதிய மருந்துக்கு வலு கூட, ஆகவே அளவு குறைய. கைத்துப்பாக்கிக்காரரிடம் இது ஒரு விசித்திரமான சிக்கலைக் கொண்டுவந்தது. ஸ்மித் அன்ட் வெசனின் .38 ஸ்பெஷல் ரவை 1898இல் கறுப்பு மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதே 1898இல்தான் லாஃப்ளின் அன்ட் ரான்ட் கம்பனி புல்ஸ்ஐ என்ற புகையற்ற மருந்தையும் வெளியிட்டது. இந்த மருந்தை அந்தக் கோதில் போட்டால் கோதின் பெரும்பகுதி காலி. ஒரு பெரிய மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்த மாதிரி. துவக்கைக் கீழே சரித்து நிமிர்த்தினால் மருந்து முன்னுக்குக் கிடக்கும், மேலே தூக்கி இறக்கினால் பின்னுக்குப் பிரைமரோடு கிடக்கும். இரண்டுக்கும் வேகம் வேறு. இன்னொரு ஆபத்தும் இருந்தது: கவனம் பிசகி ஒரே கோதில் இரண்டு தரம் மருந்து போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்கும் தெரியாது. துவக்கு வெடித்துச் சிதறும்போதுதான் தெரியும். பழைய கோதுக்குள் புதிய மருந்து. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோதும் மாறவில்லை, அந்த மருந்தும் அதே பெயரில் இன்னும் விற்பனையாகிறது.

மருந்தை அளக்கும் அலகும் கவனிக்க வேண்டியது. கிரெய்ன். தானிய மணி ஒன்றின் நிறை என்பதுதான் அதன் பழைய பொருள். ஒரு இறாத்தலுக்கு 7,000 கிரெய்ன். எங்கட பொற்கொல்லர் குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்துப் பொன் நிறுத்ததும் இதே யோசனைதான். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு தராசு இல்லாமல் இந்த வேலையைச் செய்ய ஏலாது.

பிரைமரும் சும்மா இருக்கவில்லை. ஆரம்பப் பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. கறுப்பு மருந்தின் தடித்த கரி பாதரசத்தைத் தன்னோடு அள்ளிக்கொண்டு போனது. புகையற்ற மருந்து சுத்தமாக எரிவதால் பாதரசம் நேரே பித்தளையில் ஊறி, கோது அப்பளம் மாதிரி நொறுங்கத் தொடங்கியது. திரும்பப் பாவிக்க முடியாத கோது கைநிரப்புகிறவருக்கு எதற்கு? பாதரசத்தை விட்டுவிட்டு குளோரேட் கலவைக்குப் போனார்கள். அது குழாய்க்குள் உப்பை விட்டுச் சென்றது, குழாய் துருப்பிடித்தது. கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 1920களின் இறுதியில் ரெமிங்டன் கம்பனி கிளீன்போர் என்று துருப்பிடிக்காத பிரைமரை விற்கத் தொடங்கிய பிறகுதான் கோதும் குழாயும் ஒன்றாகப் பிழைத்தன.

துல்லியத்தைப் பற்றிய கேள்வியை முதலில் விஞ்ஞானமாகக் கேட்டவர்களில் ஒருவர் ஒரு வைத்தியர். மசாசூசெட்ஸைச் சேர்ந்த டொக்டர் பிராங்க்ளின் மான். வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, கோழித்தீனுக்கு எலும்பு அரைக்கும் இயந்திரம் செய்து விற்றுப் பணக்காரர் ஆனார். அந்தப் பணத்தை எல்லாம் ஒரே கேள்வியில் போட்டார்: ஒரே துவக்கு, ஒரே மருந்து, ஒரே குறி, பிறகும் ஏன் சன்னங்கள் ஒரே துளையில் விழுவதில்லை? துவக்கைக் கொங்கிரீட் தூணில் பொருத்தி, மனிதக் கையை விலக்கிவிட்டு ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்த்து 1909இல் புத்தகம் எழுதினார். அவர் றைபிள்காரர்தான், ஆனால் அவர் கண்ட ஒரு முடிவு பிஸ்டல்காரர் எல்லாருக்கும் பாடம் ஆனது. சன்னத்தின் மூக்கைக் கெடுத்தால் பெரிய பாதிப்பு இல்லை. அடியைக் கொஞ்சம் கெடுத்தால் திசையே மாறுகிறது. குழாயை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் வாயு அடியைத்தான் தள்ளுகிறது, அது ஒரு பக்கம் முதலில் கசிந்தால் சன்னம் சரிந்துவிடும். முன்பக்கம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து ஈயம் வார்த்தவர்கள் அதற்குப் பிறகு கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சரி, இவ்வளவு துல்லியம் எதற்கு? அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்று ஒரு போட்டி உண்டு. மருந்தின் பெயரும் அதுதான், குழப்ப வேண்டாம். ஒரு கையால் மட்டும் பிடித்து, 25 யாரிலும் 50 யாரிலும் உள்ள காகிதக் குறிகளைச் சுட வேண்டும். .22, நடுத்தட்டு ரவை, .45 என்று மூன்று வகைக்கும் தலா 90 வெடி. ஒரு வெடிக்கு அதிகம் 10 புள்ளி. மொத்தம் 2,700. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், ஏறத்தாழ 8.5 சென்ரிமீற்றர். 50 யார் என்றால் கிட்டத்தட்ட 46 மீற்றர். டெட்ரொயிட் பொலிஸ்காரர் ஹரி ரீவ்ஸ் மாதிரியான ஆட்கள் இதில் தேசிய சம்பியன்களாகிப் பெயர் எடுத்தார்கள். 1952 ஒலிம்பிக்கில் பிஸ்டலில் தங்கம் வென்ற ஹியூலெட் பென்னரும் இந்த மரபில் வளர்ந்தவர்தான்.

இந்தப் போட்டிக்காரருக்குக் கடை ரவை ஏன் போதவில்லை என்பதற்கு விடை எளிது. தொழிற்சாலை தன் ரவையை உலகத்தில் உள்ள எல்லாத் துவக்குக்கும் பொருந்தச் செய்ய வேண்டும். மிக இறுக்கமான குழாயிலும் போக வேண்டும், மிகத் தளர்ந்த குழாயிலும் வெடிக்க வேண்டும். தையற்கடையில் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் தெருக்கடையில் 'எல்' என்று போட்டு விற்கும் சட்டைக்கும் உள்ள வித்தியாசம். கைநிரப்புகிறவர் ஒரே ஒரு துவக்குக்குத்தான் தைக்கிறார். 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45 பிஸ்டலில் இந்தத் தையல் வேலை இன்னும் நுட்பமானது. சுட்டவுடன் பின்னுதைப்பின் வலுவில்தான் அதன் மேல்பாகம் பின்னுக்குப் போய் அடுத்த ரவையை ஏற்றும். போட்டிக்காரருக்கு உதைப்புக் குறைய வேண்டும். மருந்தைக் குறைத்தால் மேல்பாகம் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே மருந்தைக் குறைத்து, அதற்கு ஏற்ப மென்மையான சுருள்வில்லையும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். .38 ஸ்பெஷல்காரரோ மூக்கே இல்லாத, தட்டையான உருளைச் சன்னத்தைப் பாவித்தார். அது காகிதத்தில் கிழிசல் இல்லாமல், கந்தோரில் துளையிடும் கருவி போட்ட மாதிரி வட்டமாக வெட்டும். வளையத்தின் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறு குறையும்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்களின் கதாநாயகன் எல்மர் கீத், ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர், பெரிய தொப்பிக்காரர். இவர்களுக்குக் காகிதக் குறி போதாது. வலு வேண்டும், தூரம் வேண்டும். 1920களில் கீத் நிரப்பிய ஒரு ரவை அவரது சுழல் துப்பாக்கியின் உருளையையே பிளந்தது. அவர் நிற்கவில்லை, தடித்த சுவருள்ள வேறு துவக்குக்கு மாறிவிட்டுத் தொடர்ந்தார். இந்தக் கூட்டத்தின் சோதனைகளில் இருந்துதான் 1935இல் .357 மெக்னம் ரவையும், 1950களின் நடுவில் .44 மெக்னம் ரவையும் வந்தன. முதல் .357 துவக்கு எஃப்.பி.ஐ தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. இங்கேதான் கதை திரும்புகிறது: காகிதத்தைத் துளைக்கத் தொடங்கிய ஒரு வீட்டுக் கலை, காரின் இரும்பைத் துளைக்கும் பொலிஸ் ஆயுதமாகத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகிறது. கீத்தின் எழுத்தை வீரமாகக் கொண்டாடுகிறவர்கள் நிறைய. எனக்கென்றால், 1937இல் பில் ஷார்ப் எழுதிய கைநிரப்பல் வழிகாட்டியின் அந்தப் பொறுமைதான் பிடிக்கும்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது தொழிற்சாலைகள் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டன. பொதுமக்களுக்குச் சன்னம் இல்லை. 1943இல் கலிபோர்னியாவின் ஒரொவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் ஒரு வழி கண்டார். நான் முதலில் சொன்னேனே, திரும்ப நிரப்ப ஏலாமல் எறிகிற .22 கோது, அதைப் பொறுக்கி அச்சில் அழுத்தி, சிறிய சன்னங்களுக்கு மேலுறையாக மாற்றினார். அவரது ஆர்.சி.பி.எஸ் கம்பனி அப்படித்தான் தொடங்கியது. போர் முடிந்ததும் கான்சாஸில் புரூஸ் ஹொட்ஜ்டன் ராணுவத்தின் மிச்ச மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றார். 1949இல் நெப்ராஸ்காவில் ஜோய்ஸ் ஹோர்னடி சன்னம் செய்யத் தொடங்கினார். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான். 1958இல் ரிச்சர்ட் லீ ஒரு சின்னப் பெட்டியில் எல்லாக் கருவியையும் அடக்கி, சுத்தியலால் தட்டியே ரவை செய்யும் மலிவான தொகுதியை விற்றார். இன்று இந்தத் தொழிலில் உள்ள பெரிய பெயர்கள் பல அந்தப் பதினைந்து வருஷத்துக்குள் பிறந்தவை. போரின் தட்டுப்பாடும் போரின் மிச்சமும் இல்லாமல் இவை இல்லை.

ஆனால் இந்தக் காலம் முழுவதும் வீட்டில் நிரப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தங்கட சன்னம் என்ன வேகத்தில் போகிறது என்று தெரியாது. சும்மா ஊகம். வேகத்தை அளக்கும் வழி மட்டும் இருநூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவரின் கதை தமிழ் மண்ணில் முடிகிறது என்பது பலருக்கும் தெரியாது.

பெஞ்சமின் ரொபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஏழைக் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரை மறுக்கும் சமயப் பிரிவு அது. பிள்ளை போய் எழுதியது 1742இல் பீரங்கியியல் பற்றிய புத்தகம்! அதில் அவர் விவரித்த கருவி மிக எளிது. ஒரு பாரமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிடு. அதில் சன்னத்தைச் சுடு. சன்னம் மரத்தில் புதைய, கட்டை பின்னுக்கு ஆடும். எவ்வளவு ஆடியது என்பதைக் கீழே கட்டிய ஒரு நாடா இழுபட்ட நீளத்தால் அள. கட்டையின் நிறையும் சன்னத்தின் நிறையும் தெரிந்தால் வேகம் கணக்கில் வந்துவிடும். ஏ.எல் பௌதிகவியலில் ஊசல் கணக்கு என்று நாங்கள் பாடமாக்கினோமே, அந்த ஊசல் இதுதான். ஊசலைத் துவக்குக்குக் கிட்டவும் தூரவும் வைத்துச் சுட்டு ஒப்பிட்டபோது, காற்றின் தடை அதுவரை எல்லாரும் நினைத்ததை விட மிக மிகப் பெரியது என்று தெரிந்தது. சன்னம் பரவளைவில் போகும் என்ற பழைய கொள்கை உண்மையான வேகங்களில் உதவாது என்று ஆனது. 1745இல் கணித மேதை ஓய்லரே அதை ஜேர்மன் மொழிக்கு மாற்றித் தன் விளக்கவுரையையும் சேர்த்தார்.

கிழக்கிந்தியக் கம்பனி ரொபின்ஸைத் தன் கோட்டைகளைத் திருத்தும் தலைமைப் பொறியியலாளராக அனுப்பியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததில் இருந்து ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் உள்ள சென் டேவிட் கோட்டை. ரொபின்ஸ் 1750இல் வந்தார், காய்ச்சலில் விழுந்தார், 1751 ஜூலையில் அந்தக் கோட்டையிலேயே இறந்தார். கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் புறப்பட்டது அதற்கு அடுத்த மாதம். கர்நாடகப் போர்களைப் படிக்கிறோம், டூப்ளே, கிளைவ், சந்தா சாகிப் எல்லாரும் வருகிறார்கள், இந்த மனிதர் மட்டும் வருவதில்லை.

ஊசலுக்குப் பிறகு 1860களில் பெல்ஜிய அதிகாரி லெ பூலங்ஷே மின்காந்தத்தால் இயங்கும் ஒரு நேரமானியைச் செய்தார். சன்னம் இரண்டு கம்பித் திரைகளை அறுக்கும். ஒவ்வொன்று அறுபடும்போதும் ஒரு கோல் விழும். விழுந்த தூரத்தில் நேரம் பதிவாகும். அரசாங்கங்களிடமும் கம்பனிகளிடமும்தான் அது இருந்தது. வீட்டில் நிரப்புகிறவருக்கு அந்த வசதி 1960, 70களில்தான் வந்தது. டெக்சாஸ் ஒஸ்டினில் கென் ஓய்லர் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் மின்னணு நேரமானி செய்தார்கள். பிறகு கம்பித் திரையும் போய், சன்னத்தின் நிழல் ஒளியுணரிக்கு மேல் கடப்பதையே இயந்திரம் எண்ணியது.

வேகம் தெரிந்ததும் எல்லாரும் அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வேகம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் துல்லியம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. இதை நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போட்டிச் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 230 மீற்றர் போகிறது. 46 மீற்றரைக் கடக்க 0.2 செக்கன். அந்த நேரத்தில் அது விழும் தூரம், காற்றை மறந்தால், 20 சென்ரிமீற்றர் அளவு. வேகம் 2 வீதம் கூடினால் விழும் தூரம் 4 வீதம் குறையும், அதாவது 8 மில்லிமீற்றர். பத்து வளையத்தின் அகலம் 85 மில்லிமீற்றர். றைபிள்காரருக்கு ஆயிரம் யாரில் இது உயிர்ப் பிரச்சினை. பிஸ்டல்காரருக்கு 50 யாரில் இது சில்லறை. இதற்குள் இன்னொரு வினோதமும் இருக்கு. கைத்துப்பாக்கியில் மெதுவான சன்னம்தான் பெரும்பாலும் மேலே விழும். சன்னம் குழாய்க்குள் இருக்கும்போதே உதைப்பில் முனை மேலே எழும்பத் தொடங்கிவிடும். மெதுவானது அதிக நேரம் உள்ளே இருக்கும், அதிகம் மேலே பார்த்தபடி வெளியேறும்.

1960களின் இறுதியில் ரான்சம் ரெஸ்ட் என்ற இரும்புக் கை வந்தது. பிஸ்டலைப் பூட்டி, ஒரு நெம்பைத் தட்டினால் அது சுடும், திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும். டொக்டர் மானின் கொங்கிரீட் தூண் கழகங்களுக்கு வந்த மாதிரி. இது பலருடைய மனதைப் புண்படுத்தியிருக்கும். அதுவரை குறி தப்பினால் மருந்தில் பிழை, சன்னத்தில் பிழை, பிரைமரில் பிழை. இரும்புக் கை அதே ரவையைப் பத்து வளையத்துக்குள் போட்டுக் காட்டினால் பிழை எங்கே இருக்கு?

அதைவிட ஆழமான பிழை எண்ணிக்கையில் இருந்தது. மூன்று வெடி, ஐந்து வெடி சுட்டு, துளைகள் நெருங்கி விழுந்தால் "இதுதான் சரியான கலவை" என்று குறித்துவைக்கும் பழக்கம் இன்றும் உண்டு. குழுவின் அகலம் என்பது மிகத் தூரமாக விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரம். சுடச் சுட அது கூடத்தான் செய்யும், குறையாது. ஒரே துவக்கு, ஒரே ரவையில் பத்து வெடிக் குழுவின் சராசரி அகலம் மூன்று வெடிக் குழுவினதை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 1964இல் அபர்டீன் ஆய்வுகூடப் புள்ளியியலாளர் பிராங்க் கிரப்ஸ் இதை எல்லாம் சுடுகிறவர்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதியே வைத்தார். பீரங்கி அட்டவணை போடுவதற்காக எனியாக் கணினியைக் கட்டச் சொன்னதும் அதே ஆய்வுகூடம்தான். இருந்தும் மூன்று துளைப் படத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் குறையவில்லை. எங்கட பீடத்தில் பத்துப் பேரிடம் வினாக்கொத்துக் கொடுத்துவிட்டு "யாழ்ப்பாண இளைஞர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று முடிவுரை எழுதுகிற ஆய்வுகளும் இதே சாதிதான்.

இதை எல்லாம் படிக்கும்போது எனக்குள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருவருக்கு இந்தப் பொறுமை பிடிக்கிறது. ஒரு பித்தளைக் கோதின் நீளத்தை அளந்து, வாயைச் சீவி, அடியைக் கவிழ்த்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதுகிற அந்தக் கைகளைப் பிடிக்கிறது. மற்றவர் வன்னியில் வளர்ந்த சக மாணவர்களோடு ஒரே வகுப்பில் இருக்கிறவர். அவர்களுக்குக் கோது என்பது தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் படுவது, பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுப்பது. சன்னம் என்பது ஒரு உறவினரின் உடம்பில் இன்னும் எடுக்காமல் இருப்பது. அங்கே ஒருவர் 8.5 சென்ரிமீற்றர் வட்டத்தைப் பற்றி வருஷக்கணக்காக யோசிக்க முடிகிறதென்றால், அவரது கோதுகள் யாருடைய வளவிலும் விழவில்லை என்பதால்தான். அமெரிக்காவிலும் அந்தத் துவக்குகள் காகிதத்தை மட்டும் சுடுவதில்லை, அது வேறு கதை, பெரிய கதை. கைநிரப்பல் பற்றிய நூல்கள் அந்தக் கதையை அநேகமாகத் தொடுவதில்லை. பொருளின் நுட்பத்துக்குள் அவ்வளவு ஆழமாகப் போகும்போது பொருள் எதற்கு என்ற கேள்வி கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பது என் சந்தேகம்.

அவர்களது உடம்பிலும் ஒரு விலை விழுந்தது. ஈயத்தை வீட்டில் உருக்கியவர்கள், மூடிய கூடங்களில் சுட்டவர்கள், பிரைமர் புகையை மூச்சில் இழுத்தவர்கள் இரத்தத்தில் ஈயத்தோடு வைத்தியரிடம் போனார்கள். இன்று கையுறை, காற்றோட்டம், குசினிப் பாத்திரத்தைத் தொடாதே என்ற எச்சரிக்கை எல்லாம் கைநூல்களில் முதலில் வருகிறது.

2020இல் கொரோனாவோடு அமெரிக்காவில் துவக்கு விற்பனை எகிறியது. ரெமிங்டன் கம்பனி அதே வருஷம் வங்குரோத்து அறிவித்தது. கைநிரப்புகிறவர்களிடம் கோது பெட்டி பெட்டியாக இருந்தது. ஈயம் இருந்தது, அச்சு இருந்தது, பலரிடம் மருந்தும் இருந்தது. கடைகளில் பிரைமர் மட்டும் இல்லை. சிலருக்கு மாதக்கணக்கில் கிடைக்கவில்லை, கிடைத்தால் பல மடங்கு விலை. எல்லாவற்றையும் வீட்டில் செய்யக் கற்றவர்களுக்கும் பொக்ஸரின் அந்தச் சின்னக் கிண்ணம் மட்டும் தொழிற்சாலையில் இருந்துதான் வர வேண்டும்.